இரையைச் சோதித்தவர்

2017ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. சென்னையில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிய மழை ஒன்பது மணிக்குள் தூறலாகத் தேய்ந்துவிட்டது. கீழ்த்திசைக் காற்று வீசியது. வெப்பநிலை இருபத்தைந்து பாகை.

அன்று பத்து மணியளவில், நகரின் தென்புறத்து மருந்தாய்வு நிறுவனம் ஒன்றின் இரண்டாம் தளத்தில், தணிகாசலம் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியை தணிகாசலத்தின் மேசையருகே நின்ற நேரம் நான்கு நிமிடம். ஜெர்லினின் மேசையருகே நின்ற நேரம் பதினொரு நிமிடம்.

தணிகாசலத்துக்கு வயது நாற்பத்தைந்து. அரக்கோணத்தை அடுத்த ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்காக மூன்றாண்டு விடுப்பில் வந்து மாணவராக அமர்ந்தவர். ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு வயது முப்பத்தெட்டு. அந்த ஏழாண்டு வேறுபாடு இருவரையும் உறுத்தியதில்லை. மாணவர் ஆசிரியையை ‘மேடம்’ என்பார். ஆசிரியை மாணவரைச் ‘சார்’ என்பார்.

உறுத்தியது ஜெர்லின். மார்த்தாண்டத்துப் பெண், வயது இருபத்தைந்து. தணிகாசலம் சேர்ந்து பதினான்கு மாதங்கள் கழித்துச் சேர்ந்தவள்.

அவர்கள் செய்த வேலை இன்னது என்று சொல்லிவிட வேண்டும். சில புற்றணுக்கள் ஒரு நொதியைச் சுரக்கின்றன. அது கத்தரியைப் போலச் சுற்றியுள்ள புரதங்களை வெட்டிப் புற்று பரவ வழி செய்கிறது. அக்கத்தரியை மழுங்கச் செய்யும் பொருள் கிடைத்தால் அது மருந்தாகலாம். ஆனால், கத்தரி வெட்டுவதைக் கண்ணால் காண முடியாது. ஆகவே, அது வெட்டுவதற்கென்றே ஓர் இரையை, ஆய்வகப் பேச்சில் ‘சப்ஸ்ட்ரேட்’டை, செய்துவைக்கிறார்கள். ஏழு அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி அது. அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் அந்த ஒளியை விழுங்கும் பொருள். சங்கிலி முழுதாக இருக்கும்வரை இருட்டு. நொதி வெட்டிவிட்டால் சாயம் விடுபட்டு நீலமாக ஒளிரும். சோதிக்கப்படும் பொருளைச் சேர்த்த பின்னரும் இருட்டாகவே இருந்தால், நொதி தடுக்கப்பட்டது என்று பொருள். அங்கே இருட்டுத்தான் நற்செய்தி.

தணிகாசலம் தம் இரையைச் செய்ய இரண்டாண்டுகள் ஆயின. ஜெர்லினுக்கு ஒன்பது மாதங்கள் போதுமாயிருந்தன. அவளுடையது மும்மடங்கு ஒளிர்ந்தது.

சனவரியில் மூவாயிரத்து இருநூறு பொருள்களைச் சோதிக்கவிருந்தார்கள். அதற்கு ஓர் இரைதான் வேண்டும். தணிகாசலத்தின் விடுப்பு மே மாதத்தோடு முடிகிறது. தம் இரை தேர்ந்தெடுக்கப்பட்டால் ஆய்வேட்டின் இறுதி இயல் அமைந்துவிடும். இல்லையென்றால், எழுத அவரிடம் ஒன்றும் இல்லை.

முன்வாரத்தில் ஒருநாள், ஜெர்லினின் குடுவை கொதித்துக்கொண்டிருந்தபோது, அது கருகிப்போக வேண்டும் என்று தாம் விரும்புவதைத் தணிகாசலம் கண்டுகொண்டார். எழுந்து சென்று கை கழுவினார். திரும்பி வந்தபோதும் குடுவை கருகவில்லை, விருப்பமும் மாறவில்லை.

நவம்பர் 14 அன்று நண்பகலில் அவர் ஆசிரியையின் அறைக்குச் சென்றார்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“உக்காந்து கேளுங்க சார்.”

அவர் உட்காரவில்லை.

“ஜெர்லினோட சப்ஸ்ட்ரேட்ல அப்படி என்ன இருக்கு, என்னோடதுல இல்லாதது?”

மெஹருன்னிசா மேசையோரத்துக் குளிர்பெட்டியைத் திறந்து, வெள்ளித்தாள் சுற்றிய சிறு குப்பி ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

“நானா?”

“குறுக்குச் சோதனைக்கு ஆள் வேணும். நீங்க பண்ணுங்க.”

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தாம் செய்ததைத் தாமே தேர்ச்சி பெறச் செய்யக் கூடாது. வேறொருவர் சோதித்து, அறிக்கை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குக் குறுக்குச் சோதனை என்று பெயர்.

“அப்ப என்னோடதை யார் பாக்கறது மேடம்?”

“யார் பாக்கணும்னு நினைக்கிறீங்க?”

“குருபாதம் பாக்கட்டும்.”

“சரி.”

குருபாதம் அதே ஆய்வகத்தில் நான்காவது ஆண்டு மாணவன். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவன். நண்பகலில் தணிகாசலத்தின் டிபன் பாக்ஸில் பாதி அவனுக்குரியது.

மறுநாள் காலை தணிகாசலம் சோதனையைத் தொடங்கினார். ஜெர்லினின் இரையை மும்முறை எடையிட்டார். கரைத்தார். நொதியைச் சேர்த்துப் பார்த்தார், பளிச்சென்று ஒளிர்ந்தது. நொதி சேர்க்காமல் பார்த்தார், இருண்டிருந்தது. சோதிப்பவர்கள் எல்லாரும் அரைமணி நேரம் பார்ப்பார்கள். குறை இல்லையென்றால் கையெழுத்திடுவார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. குறை இல்லை.

அவருக்குக் கோபம் வந்தது. வேறு குப்பியில் கரைத்தார். வேறு நாளில் செய்த கரைப்பானை எடுத்தார். கருவியின் விளக்கை மாற்றினார். ஒரு குறையும் இல்லை. குறையில்லாத ஒவ்வொரு முறையும் அவருக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள், நொதி சேர்க்காத கரைசலைக் கருவிக்குள் வைத்துவிட்டு, எதிரே நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிட்டார்.

குருபாதம் கதவருகே வந்து நின்றான். “அண்ணே, சாப்பிட வாங்க. அது எங்கயும் ஓடிப்போயிடாது.”

“நீ போப்பா.”

“டப்பாவையாவது குடுங்களேன்.”

“பையில இருக்கு. எடுத்துக்க.”

முதல் மணி இருட்டு. இரண்டாம் மணியும் மூன்றாம் மணியும் இருட்டு. நான்காம் மணியில் திரையில் இருந்த எண் சற்றே நகர்ந்தது. ஐந்தாம் மணியில் மேலும் நகர்ந்தது. நொதியே இல்லாத கரைசல், யாரும் வெட்டாமலேயே, மெல்ல ஒளிரத் தொடங்கியிருந்தது. சாயத்தைச் சங்கிலியோடு சேர்த்த இணைப்பு தானாக அவிழ்ந்துகொண்டிருந்தது.

தம் வாழ்நாளில் எந்த எண்ணும் தணிகாசலத்துக்கு அவ்வளவு இனித்ததில்லை.

அது சிறிய குறையும் அன்று. மூவாயிரத்து இருநூறு பொருள்களை நாற்பது தட்டுகளில் வைத்துச் சோதிக்கும்போது, இறுதித் தட்டின் முறை வர ஐந்து மணி நேரமாகும். அதற்குள் இரை தானாகவே ஒளிர்ந்துவிட்டால், மருந்து எது, வெறும்பொருள் எது என்று பிரித்தறிய முடியாது.

சொல்லாமல் விட்டிருந்தால் சனவரிச் சோதனையில் அவள் தானே தோற்றிருப்பாள். அது அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால், தோற்கடித்தவர் தாம் என்பது ஊரறிய வேண்டாமா? எழுதினார். பதினேழு பக்கங்கள் எழுதினார். வரைபடங்கள் ஆறு. ‘கவலைக்குரியது’ என்ற சொல்லை நான்கிடங்களில் பயன்படுத்தினார். நான்கிடங்களிலும் அவருக்குக் கவலை இல்லை.

அதே நாள்களில் குருபாதமும் தணிகாசலத்தின் இரையைச் சோதித்தான்.

“அண்ணே, எதுல வெச்சுப் பாக்கட்டும்?”

“குவார்ட்ஸ் குப்பியில வெச்சுப் பாரு. நான் அதுலதான் பாப்பேன்.”

“எவ்வளவு நேரம்?”

“வழக்கம்போலத்தான். அரைமணி.”

“கரைசல் நீங்களே கலக்கித் தந்திடறீங்களாண்ணே? உங்க கை பக்குவம் எனக்கு வராது.”

“கொண்டா.”

குருபாதத்தின் அறிக்கை ஒரு வரி: ‘நன்று. தேர்ச்சி.’ அதன் கீழே அவனுடைய அழகிய கையெழுத்து.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை மெஹருன்னிசா பதினேழு பக்கங்களையும் ஜெர்லினிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். தணிகாசலம் ஒரு குடுவையைத் துடைப்பவர்போல அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை கலங்கும் என்று எதிர்பார்த்தார்.

அவள் இறுதிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“சார், என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு உத்துப் பாக்கல.”

குருபாதம் சிரித்துவிட்டான். தணிகாசலம் சிரிக்கவில்லை.

“ஆறு மணி நேரம் எதுத்தாப்ல உக்காந்தே பாத்தீங்களா சார்?”

“உக்காந்துதான்.”

“எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. அரைமணியில எந்திரிச்சுப் போயிட்டேன்.” அவள் அறிக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “பன்னிரண்டாம் பக்கத்துல வெப்பநிலை போட விட்டுட்டீங்க. முப்பத்தேழா?”

“முப்பத்தேழுதான்” என்றார். விட்டுப்போனதை ஒருவர் சுட்டிக்காட்டும்போது பேசாதிருக்க இருபதாண்டு ஆசிரியர் பணி அவரை விடவில்லை.

அதன்பின் அவள் நாள்தோறும் வந்தாள். “சார், இந்த இணைப்பை மாத்தினா நிக்குமா?” என்பாள். ஒருநாள் ஒரு தவறான வாய்பாட்டைத் தாளில் எழுதிக் காட்டினாள். அதைத் திருத்தக் கூடாது என்று தணிகாசலம் உறுதியோடு இருந்தார். அரைமணி நேரம் இருந்தார். பிறகு, பென்சிலை எடுத்துத் திருத்திக் கொடுத்தார். அவள் அவிழும் இணைப்பை நீக்கி, உறுதியான வேறோர் இணைப்பால் சாயத்தைக் கோத்தாள். டிசம்பர் முதல் வாரத்தில் புதிய இரை ஆயத்தமாயிற்று. தணிகாசலம் அதை இரண்டு நாள்கள் முழுதாகப் பார்த்தார். நாற்பத்தெட்டு மணி நேரமும் அது இருண்டிருந்தது. நொதியைச் சேர்த்தார். முன்னினும் நன்றாக ஒளிர்ந்தது.

கையெழுத்திட்டார். தேர்ச்சிச் சான்றில் தம் பெயரைப் பார்த்தபோது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று நினைத்தார்.

டிசம்பர் 11, திங்கட்கிழமை வெள்ளோட்டம். இரண்டு இரைகளையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்து, சிறந்ததைத் தேர்வதென்று ஏற்பாடு. ஒவ்வோர் இரைக்கும் தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று. முதல் பதினாறு குழிகளில் நொதியும் இரையும் மட்டும். அவை தடையின்றி ஒளிர வேண்டியவை. எஞ்சிய எண்பது குழிகளில் குழிக்கொன்றாக எண்பது சோதனைப் பொருள்கள்.

தணிகாசலத்தின் தட்டு முதலில் கருவிக்குள் சென்றது. திரையில் குழிகள் ஒவ்வொன்றாக நிறம் பெற்றன. சில நீலம், சில மங்கல், பல இருட்டு. எண்பதில் எத்தனை இருட்டு என்று அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“மேடம், இருபத்தாறு! இருபத்தாறு பொருள் தடுத்திருக்கு!”

“அண்ணே, ஜிலேபி எங்க?” என்றான் குருபாதம்.

“வாங்கிடலாம்ப்பா, வாங்கிடலாம்.” தணிகாசலம் ஜெர்லினைப் பார்த்தார். ஒரு மாதத்தில் முதன்முறையாக அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். “உன்னோடதையும் வையம்மா, பாப்போம்.”

மெஹருன்னிசா திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், மருந்தே போடாத குழிங்களைப் பாத்தீங்களா?”

தணிகாசலம் பார்த்தார். ஒளிர வேண்டிய அந்தப் பதினாறு குழிகள்தாம் தட்டிலேயே மிகவும் இருண்டிருந்தன.

ஜெர்லின் மெதுவான குரலில், “பிளாஸ்டிக்ல ஒட்டிக்குதோ சார்?” என்றாள்.

அதுதான் நடந்திருந்தது. தணிகாசலத்தின் இரைக்கு நீரைவிடப் பிளாஸ்டிக் பிடித்தமானது. குழியில் ஊற்றியதும் அது சுவரில் சென்று ஒட்டிக்கொண்டது. முதலில் நிரப்பிய குழிகளில் நெடுநேரம் இருந்ததால் அங்கே முழுதும் ஒட்டிவிட்டது. நொதி வெட்டுவதற்குக் கரைசலில் இரையே இல்லை. இருபத்தாறு குழிகளும் இருண்டிருந்தது மருந்தால் அன்று. இரண்டாண்டுகளாக அவர் குவார்ட்ஸ் குப்பியில்தான் பார்த்துவந்தார். குவார்ட்ஸ் என்னும் படிகக் கண்ணாடியில் அது ஒட்டாது.

குருபாதத்தின் முகம் வெளிறியது. “அண்ணே, நானாச்சும் ஒரு தட்டுல ஊத்திப் பாத்திருக்கணும்...”

“உன்மேல தப்பு இல்லப்பா. நான்தானே குப்பியில பாக்கச் சொன்னேன்.”

ஜெர்லினின் தட்டு ஓடியது. பதினாறு குழிகளும் ஒன்றுபோல ஒளிர்ந்தன. எண்பதில் மூன்று இருட்டு. தணிகாசலம் அந்தத் தட்டை நெடுநேரம் பார்த்தார். அதில் குறை காண ஒன்றுமில்லை. இருந்த ஒரே குறையை அவரே நீக்கிக் கொடுத்திருந்தார்.

மாலை நான்கு மணிக்கு அவர் ஆசிரியையின் அறைக்குச் சென்றார். இம்முறை சொல்லாமலே உட்கார்ந்தார்.

“அவளோடதை என்கிட்ட ஏன் குடுத்தீங்க மேடம்?”

“சோதிக்கத்தான்.”

“எனக்கு அவமேல...”

“பொறாமை” என்றார் மெஹருன்னிசா, குப்பியின்மேல் ஒட்டிய பெயரைப் படிப்பவர்போல.

தணிகாசலம் தலை குனிந்தார்.

“தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?”

“தெரிஞ்சதாலதான் குடுத்தேன். மூணு வருஷத்துல நீங்க செஞ்சதுலயே நல்ல வேலை அந்தப் பதினேழு பக்கம்தான் சார்.”

“அவளை மட்டந்தட்ட எழுதினது அது.”

“எதுக்கு எழுதினீங்கன்னு நான் கேக்கலையே. ஒரு வரியாவது பொய் இருந்ததா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன?”

தணிகாசலம் எழுந்தார். மீண்டும் உட்கார்ந்தார். அவருடைய குரல் உயர்ந்தது.

“அப்ப என்னோடதை மட்டும் ஏன் மேடம் குருபாதத்துகிட்ட விட்டீங்க? அவன் என்மேல பிரியமா இருக்கற பையன். என் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நான் கலக்கிக் குடுத்ததையே பாத்து, நல்லாயிருக்குன்னு எழுதிட்டான். நான் கேட்டேன், வாஸ்தவம்தான். நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே? அவளோடதை நான் பாத்தமாதிரி, என்னோடதைப் பாக்கற ஒருத்தர்கிட்ட குடுத்திருக்கலாமே?”

அறைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே கண்ணாடிச் சுவர் இருந்தது. மெஹருன்னிசா அதன் வழியாக மேசை மேசையாகப் பார்த்தார். ஒருவரையும் விடாமல் பார்த்தார். பிறகு, அவர் பக்கம் திரும்பினார்.

“நானும் தேடினேன் சார். உங்கமேல பொறாமைப்பட இங்க யாருமே இல்லையே.”



பின்னர் நடந்தவை இவை. தணிகாசலம் அன்று மாலையே தம்மிடம் எஞ்சியிருந்த இரையைக் குப்பியோடு எடுத்துச் சென்று, ஜெர்லினிடம் கொடுத்து, “உனக்கு என்னென்ன தோணுதோ அத்தனையும் பண்ணிப் பாரும்மா” என்றார். அவள் எட்டு நாள்கள் எடுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக்கில் ஒட்டுவதோடு வேறு இரண்டு குறைகளையும் கண்டு எழுதினாள். அவற்றுள் ஒன்றை அவரால் நீக்க முடிந்தது. மற்றொன்றை நீக்க முடியவில்லை. 2018 சனவரி 22ஆம் நாள், ஜெர்லினின் இரையைக் கொண்டு மூவாயிரத்து இருநூறு பொருள்களும் சோதிக்கப்பட்டன. பதினொரு பொருள்கள் நொதியைத் தடுத்தன. மறுசோதனையில் நான்கு நிலைத்தன. தணிகாசலத்தின் இரை எந்தச் சோதனைக்கும் பயன்படவில்லை. அது ஏன் பயன்படவில்லை என்பதையே அவர் ஆய்வேட்டின் இறுதி இயலாக எழுதினார். விடுப்பு முடிந்த பின்னரும் ஓராண்டு காலம் சனிக்கிழமைதோறும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து எழுதினார். 2019 சூன் மாதத்தில் பட்டம் பெற்றார்.